கல்யாண மண்டபத்தில் கைமாறிய கார்

அப்போது நான் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். என் கணவருக்குக் கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மலை ஏறினால் சனிக்கிழமை சாயந்திரம்தான் கீழே இறங்குவேன். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் தொடங்கிய பிறகு அந்தச் சனிக்கிழமைக்கும் உத்தரவாதமில்லாமல் போனது. கீழே எங்காவது புளிய மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருப்பார்கள். பஸ் மலையிலேயே நின்றுவிடும். கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயத்தில் ஒரு தடவை அப்படி மாட்டிக்கொண்டு, குவார்ட்டர்ஸில் ஒண்டியாய் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அந்த முறை வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "இந்த பஸ்ஸ நம்பிக்கினு குடும்பம் நடத்த முடியாது. ஒரு காரு வாங்கிடலாம்."

"பஸ்ஸே போவாத ரோட்டுல காரு மட்டும் எப்படிங்க போவும்?"

"சின்ன வண்டி. சந்துபொந்துல பூந்து வந்துடும்."

வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர் பேசும் பேச்சு அது. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போய் இறங்கும் ஆசை எனக்கும் இருந்ததால் மேற்கொண்டு வாதாடவில்லை.

திருக்கோவிலூர் பக்கத்தில் ஒரு விவசாயி தன் அம்பாசிடரை விற்கிறார் என்று தெரிந்து போனோம். நாற்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம், கணீரென்ற குரல். காரைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் பெருமைகளைச் சொன்னார். எங்களை ஏற்றிக்கொண்டு தென்பெண்ணைக் கரை வரை ஓட்டிக் காட்டினார். வழியில் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும், "பாத்தீங்களா, தெரியவே இல்ல" என்றார். எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

திரும்பி வந்தபோது அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். என்னைத் தனியாக அழைத்து, "ஓட்டிக்கினு போயிடும்மா. வூட்டுல எனக்கு இது ஒரு சக்களத்தி. காலையில எழுந்தா என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு, இத்தத்தான் தொடச்சிக்கினு நிப்பாரு" என்றார். அந்தப் பேச்சில்தான் கார் நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்று எனக்கு உறுதியானது. அன்றைக்கே விலை பேசி முடித்துக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பெயர் மாற்றப் படிவத்தில் அவர் கையெழுத்து எல்லாம் கையோடு வாங்கியாயிற்று. சம்பளக்காரி நான் என்பதால் வண்டியை என் பெயருக்கு மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் கிளார்க் படிவத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த மாதிரிக் கையெழுத்து இங்கிலீஷில், கொடி போல வளைந்து சுழித்து ஓடியது. படிவத்தில் இருந்ததோ தமிழில், பள்ளிப் பிள்ளை எழுதியது போலத் தனித்தனி எழுத்தாக இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளாம்மா?"

"ஒரே ஆளுதாங்க."

"இருக்கலாம். ஆனா புக்குல இருக்கிற மாதிரிதான் வேணும்." புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் மீது தப்புச் சொல்ல முடியாது.

அடுத்து வந்த என் லீவு நாளில் அந்தக் காரிலேயே திருக்கோவிலூருக்குப் போனோம். வீட்டில் அந்த அம்மா மட்டும் இருந்தார். "மறியலுக்குப் போய்க்கிறாரும்மா" என்று வழி சொன்னார். நாங்களும் போனோம். சாலைக்குக் குறுக்கே மரம் கிடந்தது. அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் தலையில் துண்டோடு நம் ஆள். அந்த வருஷங்களில் வேறு சில இடங்களில் உயிர்களே போயிருக்கின்றன. நாங்கள் போன அன்று அங்கே ஒரு கல்கூட விழவில்லை. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

என் கணவர் குனிந்தபடியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு கையை உயர்த்திக் கோஷம் போட்டபடியே இன்னொரு கையால் படிவத்தை வாங்கினார். பேனாவைத் திறப்பதற்குள் போலீஸ் வேன்கள் வந்துவிட்டன. எல்லோரும் தாங்களாகவே எழுந்து வரிசையாக ஏறினார்கள். அவரும் ஏறினார். எங்கள் படிவமும் ஏறியது.

"யோவ், பேப்பரு!" என்று இவர் கத்தினார்.

"பின்னாலயே வாங்க!" என்று வேனிலிருந்து பதில் வந்தது.

பின்னாலேயே போனோம். எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். வாசலில் காரை நிறுத்தியதுமே இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"யாரு வண்டி இது?"

"எங்களுதுதாங்க" என்றார் என் கணவர்.

"புக்கு எடு."

ஆர்.சி. புத்தகத்தில் இருந்த பெயரைப் படித்தார். கையிலிருந்த கைதானவர்கள் பட்டியலைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார். "இந்தப் பேரு உள்ள இருக்கிற ஆளோடது. மறியலுக்கு ஆளுங்கள ஏத்திக்கினு வந்த வண்டி இதானா? சாவியக் குடு."

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிப்பது கண்முன்னே தெரிந்தது. என் கணவருக்கு வாய் குழறியது. அதற்குள் மண்டபத்து ஜன்னலிலிருந்து அந்தக் கணீர்க் குரல் கேட்டது:

"ஐயா, அது என் வண்டி இல்லீங்க! வித்துட்டேன்!"

"வித்தேன்னா பேப்பரு எங்கய்யா?"

"இதோ இருக்குது! கையெழுத்துப் போடறதுக்குள்ள நீங்கதான் இட்டுக்கினு வந்துட்டீங்களே!"

ஜன்னல்களில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கும் உதடு கோணியது. "சரி, உள்ள வந்து சீக்கிரம் முடிங்க" என்றார்.

உள்ளே பந்தி மேஜையில் படிவத்தை விரித்தோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. அவருக்குத் தன் பழைய கையெழுத்து மறந்துபோயிருந்தது. "கட்சி கூட்டத்துக்கெல்லாம் போக ஆரம்பிச்சதுலேந்து தமிழ்லதாம்மா போட்டுக்கினு வர்றேன்" என்றார். புத்தகத்தைத் திறந்து எதிரில் வைத்து, ஒரு பழைய பேப்பரின் ஓரத்தில் எழுதிப் பழகினார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"அண்ணே, கடைசி சுழி மேல போவுது, நீ கீழ இழுக்கிற."

"வளைவு ஜாஸ்தியாப் போச்சு, கொஞ்சம் கம்மி பண்ணு."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "போலீஸு எதிரிலயே கள்ளக் கையெழுத்துப் போடறீயா?"

"என்னுத நானே காப்பியடிக்கிறேங்க. இதுக்கும் கேஸு உண்டுங்களா?"

இந்த அமளியில் ஒரு மூலையில் பெரியவர் ஒருவர் வெயிலில் உட்கார்ந்திருந்த களைப்பில் மயங்கிச் சரிந்தார். நான் ஓடிப்போய் அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்ததும் கண் விழித்தார். சமையல்கட்டிலிருந்து உப்பும் சர்க்கரையும் வாங்கித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். தெம்பு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சோறு போடறாங்களா?"

நான் திரும்பி வந்தபோது கையெழுத்து முடிந்திருந்தது. அச்சு அசல் அதே கொடி. காய்வதற்காக அவர் அதை ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது: "நல்லாத்தானே இருக்கீங்க, உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்த வெயிலும் ரோடும்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "என் பொண்ணு நல்லாப் படிக்கிதும்மா. உங்கள மாதிரி அதுவும் ஒரு உத்தியோகத்துல ஒக்காரணும். எங்க வூட்டுல இதுவரைக்கும் யாரும் ஒக்காந்ததில்ல."

எங்கள் வீட்டிலும் என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள்தான். எங்கள் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்.

சாயந்திரம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டது அந்தக் கார்தான். "கடைசியா ஒரு தபா" என்று கேட்டு அவரே ஓட்டினார். என் கணவர் பெருந்தன்மையோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

பெயர் மாறிய புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் காரை மலைக்கு ஏற்றினோம். ஒரு திங்கட்கிழமை காலை. பாதி வளைவுகள் வரை ராணி மாதிரி ஏறியது. பிறகு பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. ரேடியேட்டர் கொதிக்கிறது, ஆறட்டும் என்று ஓரமாய் நிறுத்திவிட்டு, இவர் குடத்தோடு ஓடைப் பக்கம் இறங்கினார். அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"நர்சம்மா, ஏறிக்கோங்க! அங்க ஊசி போட ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க!"

ஓடையிலிருந்து இவர், "ஏறாதே! இப்ப கெளம்பிடும்!" என்று கத்தினார். நான் காரைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மதியத்துக்கு முன்பே ஹாரன் சத்தத்தோடு அவர் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் நனைந்து, முகமெல்லாம் சிரிப்பு. ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த பெண்கள் வரிசையை விட்டுவிட்டுக் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு அம்மா கதவைத் திறந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஏறினார்கள். என் கணவர் அவர்களை ஏற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். ஒரு சுற்று முடிந்து இறக்கிவிட்டால் அடுத்த கூட்டம் தயாராக நின்றது. ஊசி மருந்தோடு வாசலில் நின்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.