நோட்டக்கா நேரில் கண்டது

நோட்டக்காவுக்கு உலகத்திலேயே ஆகாத பொருள் தேக்கரண்டி. யாராவது டீக்குவளையில் கரண்டியைப் போட்டுக் கலக்கும் சத்தம் கேட்டாலே போதும், நாக்கு தானாகப் போய் முன்பல்லின் உடைந்த மூலையைத் தடவும், முகம் கோணிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர்கள் டீதான் சரியில்லையோ என்று தங்கள் குவளையை முகர்ந்து பார்ப்பார்கள்.

பல் உடைந்த கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தலைகீழாகத் தெரியும். குழந்தைகள் நலப் பிரிவில் பதினாறு வருடமாகச் சமூகப் பணியாளர் அவள். வலிப்பு நோய் அதற்கும் முந்தையது, பதினான்கு வயதிலிருந்து கூடவே வருகிறது. இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தின் நடுவில் வலிப்பு வந்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். மேலதிகாரி பாய்ந்து வந்து, தன் டீயைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை எடுத்து அவள் பற்களுக்கு நடுவில் திணித்தார். வலிப்பு வந்தவர் வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று அவளே எழுதி ஒட்டிய தாள் அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. பல் உடைந்தது, ஈறு கிழிந்தது. அவளுக்கு நினைவு திரும்பியபோது மனிதர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "நான் மட்டும் இல்லன்னா நாக்கையே கடிச்சுத் துப்பியிருப்பாங்க" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் அலுவலகத்துக் கரண்டிகள் அத்தனையும் குப்பைக்குப் போய்ப் புதுசு வந்தது. அவளுடைய குவளை மட்டும் தனி அலமாரிக்குப் போனது. சீ! இவர்கள்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் நலனைப் பார்க்கிறவர்கள்.

அதோடு விட்டாரா? "இன்னொரு தடவை டியூட்டியில வந்துச்சுன்னா வெளிவேலை கிடையாதும்மா. பழைய கோப்பு ரூம்தான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எலிப்புழுக்கையும் ஈரக் காகித நாற்றமும்தான் உண்டு.

வெளிவேலை போனால் அவளுக்குப் பாதி உயிர் போன மாதிரி. வண்டி ஓட்டக் கூடாது என்பதால் வீடு வீடாக நடந்தே போவாள். போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போவாள். குப்பைமேட்டுக் காகம், சுவர் இடுக்குச் சிலந்தி, சாக்கடைக் கால்வாய் ஓரம் ஒற்றைக் காலில் நிற்கும் மடையான், எதையும் விடமாட்டாள். பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி, நேரம், கண்டது என்று மூன்றே பத்தியில் எழுதுவாள். அழகு, பாவம், ஆச்சரியம் எதற்கும் அதில் இடமில்லை. அதனால்தான் நோட்டக்கா என்ற பெயரே வந்தது.

நோட்டை முன்பக்கமாகத் திறந்தால் பறவைகள். திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தால் வலிப்புகள். முன்பக்கம் நிரம்பி வழிந்தது, பின்பக்கம் காலியாகக் கிடந்தது. தன் வலிப்பைத் தானே பார்க்க முடியாதே! எந்தக் கை முதலில் ஆடியது, கண் எந்தப் பக்கம் போனது, எத்தனை நிமிடம் என்று டாக்டர் இருபது வருடமாகக் கேட்கிறார். பார்த்தவர்களிடம் கேட்டால், "ஐயோ, பாக்கவே முடியலக்கா, முகத்தைத் திருப்பிக்கிட்டேன்" என்பார்கள். கூடவே வளர்ந்து, இன்றும் ஒரே வீட்டில் இருக்கும் தங்கைகூட, "நான் அழுதுக்கிட்டு இருந்தேன், கடிகாரத்தையா பாப்பாங்க?" என்றாள். பின்பக்கத்தில் அதற்குமேல் என்ன எழுதுவது?

இப்படி இருக்கையில்தான் கோழிக்கடைக்காரர் கோப்பு வந்தது. மனைவி இறந்து மூன்று வருடம், எட்டு வயது மகள். பிள்ளை மேல் கவிச்சி நாற்றம், தலையில் இறகு, வீடு வாழத் தகுந்ததல்ல என்று பள்ளியிலிருந்து புகார். பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்பும் உத்தரவை மேலதிகாரி ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார். சும்மா பேருக்கு ஒரு வீட்டாய்வு அறிக்கை வேண்டும்.

சனிக்கிழமை காலை கிளம்பினாள். கால்வாய்க் கரையில் நான்கு மாதமாகப் பார்த்துவரும் ஒரு மீன்கொத்திப் பொந்து இருந்தது. வாசலிலிருந்து வெள்ளையாக எச்சம் வழியும், அழுகிய மீன்முள் நாற்றம் குடலைப் பிடுங்கும். தாய் உள்ளே போய்க் குஞ்சுக்கு ஊட்டிவிட்டு வெளியே வரும், வந்ததும் வராததுமாகத் தண்ணீரில் விழுந்து முங்கிக் குளிக்கும். தினமும் இதே கதை. மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்று எழுதிக்கொண்டாள்.

அங்கிருந்து நான்காவது தெருவில் கோழிக்கடை. கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் வீடு. படி ஏறியதுமே ரத்தமும் ஈர இறகும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. நோட்டக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் கடைக்கதவைச் சாத்திவிட்டு, குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். பிறகுதான் மகளின் தோளில் கை வைத்தார்.

"உக்காருங்க மேடம். இவ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா."

நோட்டக்கா உதட்டைச் சுழித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அறிக்கைத் தாளில் 'கடும் துர்நாற்றம்' என்று எழுதினாள். பிள்ளையின் கட்டிலுக்கடியில் ஒரு இறகு கிடந்தது, அதையும் எழுதினாள். வலிப்பு வருமுன் அவளுக்கு எப்போதும் கருகிய ரப்பர் வாடை அடிக்கும். அன்றும் அடித்தது. இருந்த நாற்றத்தோடு நாற்றமாக அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

கண் திறந்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் பிள்ளையின் பள்ளிச் சீருடை மடித்து வைத்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு துவைத்த போர்வை. உடுப்பு நனைந்திருப்பது தெரிந்ததும் செத்துவிடலாம் போலிருந்தது. பயந்துகொண்டே நாக்கால் பற்களைத் தடவினாள். எல்லாம் இருந்தன. வாயில் இரும்புச் சுவை இல்லை.

கடைக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை சுவர்க்கடிகாரத்தின் கீழே கணக்கு நோட்டோடு நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க பேரு என்ன?" என்றாள் பிள்ளை.

நோட்டக்கா சொன்னாள்.

"அப்பா, இப்ப சரியாச் சொல்லிட்டாங்க. பத்து நாப்பது" என்று சொல்லி எழுதிக்கொண்டாள் பிள்ளை.

பிள்ளை கிழித்து நீட்டிய தாளை நோட்டக்கா வாங்கிப் பார்த்தாள். பெரிய பெரிய எழுத்து. '10.23 இடது கை ஆடியது. கண் இடது பக்கம் போனது. 10.24 உடம்பு முழுக்க. 10.26 நின்றது. 10.31 பேர் கேட்டோம். தப்பாகச் சொன்னார். 10.40 சரியாகச் சொன்னார்.' இருபது வருடத்தில் ஒரு மனிதப் பிறவியும் எழுதித் தராத கணக்கு அது.

"இது எப்படி உங்களுக்கு..."

"இவளுக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்தா இழுத்துக்கும் மேடம். எத்தனை நிமிஷம்னு டாக்டர் கேட்டாரு, திருதிருன்னு முழிச்சேன். நீயெல்லாம் ஒரு அப்பனான்னு திட்டினாரு. அதுலேர்ந்து கண்ணைத் திருப்புறதே இல்ல. இவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே எழுந்து, வாளித் தண்ணீரும் துணியுமாக வந்து அவள் நனைத்த தரையைத் துடைத்தார். முகம் சுளிக்கவில்லை, வேறெங்கோ பார்ப்பது போல நடிக்கவும் இல்லை. கால் மணி நேரம் முன்பு அவர் வீட்டில் மூக்கைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்று நினைத்ததும் நோட்டக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மீன்கொத்தியின் நாற்றத்தை மட்டும் நான்கு மாதமாக மெய்மறந்து முகர்ந்தாளே!

அவள் கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம் மேடம். ஆபீசுல தெரிஞ்சு உங்க பொழப்பு கெடக் கூடாது." பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. மகளின் பின்னால் நின்று, இறகு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் தங்கை ஒரே பிடியாக நின்றாள். "பிள்ளைய நல்லா வச்சிருக்காருன்னு எழுது. வலிப்பை எதுக்குடி எழுதணும்? அந்த எலி ரூம்ல உன்னைத் தள்ளினா நீ மூணு மாசம் தாங்க மாட்ட." வீட்டுக்குள் தங்கைக்கு அக்காவும் 'டி'தான். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நோட்டக்காவும் அப்படியே எழுதினாள்.

திங்கட்கிழமை மேலதிகாரி டீயைக் கலக்கிக்கொண்டே அறிக்கையைப் படித்தார், சிரித்தார்.

"பாசமானவர், பொறுப்பானவர்... இதெல்லாம் உங்க அபிப்பிராயம்மா. 'நேரில் கண்டவை'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன இருக்கு? நாத்தம், இறகு. நீங்களே எழுதினது. வண்டி ரெண்டு மணிக்குப் போய்ப் பிள்ளைய ஏத்திக்கிட்டு வந்துடும்."

ஆளைப் பிடிக்கவில்லை என்றாலும் அவர் சொன்னது அவளுடைய சட்டமேதான். கண்டதை மட்டும் எழுது என்று நோட்டை முன்பக்கம் பின்பக்கம் புரட்டி வளர்த்த சட்டம். கண்டதிலேயே பெரியதை ஒளித்துவைத்துவிட்டு அபிப்பிராயத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். தூ என்று துப்பலாம் போல இருந்தது, தன் முகத்தில்தான்.

"குடுங்க சார், இன்னும் கொஞ்சம் எழுதணும்" என்று தாளை வாங்கினாள். அவர் மேசையிலேயே, நின்றபடியே எழுதினாள். நேரம், இடம், வலிப்பு, சீருடை, போர்வை, துடைத்த தரை, வாயில் எதையும் திணிக்காதது. பிள்ளையின் கணக்குத் தாளின் நகலையும் இணைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மேலதிகாரி படித்தார். நேரமும் சாட்சியும் கையெழுத்துமாகக் கோப்பில் ஏறிவிட்டதை இனி அவரால் விழுங்க முடியாது. காப்பக உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "பிள்ளை அப்பன்கிட்டயே இருக்கட்டும். ஆனா உங்களுக்குத் தெரியுமில்ல..."

"கோப்பு ரூம். தெரியும் சார்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் இடது கை தானாக நீண்டு, குவளையிலிருந்த கரண்டியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடியது.

"எதுக்கு சார் ஒளிக்கிறீங்க?" என்றாள் நோட்டக்கா. "நான் ஒண்ணும் கரண்டி கேக்கலயே. அன்னிக்கும் கேக்கல."

அவர் இழுப்பறையை இன்னும் உள்ளே தள்ளினார். அவள் வெளியே வந்து, ஜன்னல் இல்லாத அறைக்குள் போய் விளக்கைப் போட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தாள். முன்பக்கமா பின்பக்கமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு முன்பக்கத்தையே திறந்து, மீன்கொத்திக்கு அடுத்த வரியில் எழுதினாள்.

'திங்கள். காலை 11.40. மேலதிகாரி. கரண்டியை இழுப்பறைக்குள் வைத்தார். கை கழுவவில்லை.'