ஆறுமுகத்தாயின் வாய்

ஆறுமுகத்தாயின் வாய்க்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. போன வருசம் மருமகள் பாண்டிச்செல்விக்குக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கரு வைத்த சேதியை மறுநாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அது தங்காமல் போனதும், சாவு வீட்டுக்கு வருவதுபோல் சனம் துட்டி கேட்க வந்துவிட்டது. பாவி மனுசி, வந்தவர்களுக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள்!

அதனால் இந்தத் தடவை அவளிடம் மூச்சு விடவில்லை. உறைய வைத்திருந்ததில் மிச்சம் கிடந்த ஒரே கருவையும் வைத்தாயிற்று. அது ஒட்டி நிற்கத் தினமும் ஹார்மோன் ஊசி போட வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். சாயங்காலமானால் புருசன் ஜெயபாண்டி வேலையிலிருந்து வந்து, பசுவந்தனை நர்ஸ் சொர்ணத்தாய் வீட்டுக்குப் பைக்கில் கூட்டிப்போவான். அத்தையிடம் சொன்னது, சத்து ஊசி.

அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தையே பார்த்துக் கிடந்த ஊருக்குக் கொண்டாட்டம். பாண்டிச்செல்விக்கு ஊசிக் கவலை. கரிசல் மண் பாதை நனைந்து சேறானால் பைக் சக்கரம் சுற்றுமா?

"ரோட்டுலயே நிக்கேன். வண்டி அசைய மாட்டேங்கு" என்று ஜெயபாண்டி போனில் அழாத குறையாகச் சொன்னான். நர்ஸும் வர வழியில்லை.

"மருந்து கையில இருக்குல்லா? வீட்டுல யாரு இருக்கா? நான் போன்ல சொல்லித் தாரேன்" என்றாள் சொர்ணத்தாய்.

வீட்டில் இருந்தது அத்தைதான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறுமுகத்தாய் முகம் செத்துப்போயிற்று.

"எங்கிட்டயா ஏட்டி மறச்ச?"

"துட்டி கேக்க வந்தாகள்லா அத்தை. இன்னொருக்க என்னால தாங்க முடியாது."

அத்தை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நர்ஸ் வீடியோவில் இடத்தைக் காட்டினாள். எண்ணெய் மருந்து, இறங்குவேனா என்றது. பாண்டிச்செல்வி குப்புறப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இது போனால் வேறு கரு கிடையாது.

"மெதுவா அமுக்குங்க... அம்புட்டுதான். உருவிருங்க" என்றாள் நர்ஸ்.

உருவிய கையோடு வாசலில் சத்தம். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் நின்றாள்.

"ஏக்கா, மழையப் பாத்தியா! ஆமா, என்ன ஸ்பிரிட் வாடை அடிக்கி? யாருக்கு ஊசி?"

பாண்டிச்செல்வி அத்தையின் வாயையே பார்த்தாள்.

ஆறுமுகத்தாய் போய்க் கதவை மறித்து நின்றாள்.

"எனக்குத்தான் ஏட்டி. மூட்டுவலி உசிர எடுக்கு. ஊரெல்லாம் சொல்லிராத, துட்டி கேக்க வந்துருவாளுவ."