கதையில் ஒருத்தி வீடு திரும்பினால்

இன்று மதியம் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்தார். நான் அனுப்பிய கதை பிடித்திருக்கிறதாம். முடிவுதான் சரியில்லையாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கு வரும் பழைய புத்தகங்களைப் படித்துத்தான் எழுதப் பழகினேன். பாதிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கமே இருக்காது. "அதனால முடிவு மட்டும் எனக்கு வராது சார்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பட்டாசு ஆலைக்குப் போறா, சாயங்காலம் வீட்டுக்கு வர்றா. அவ்வளவுதானா? சிவகாசிக் கதைங்க! கடைசியில ஒரு வெடிவிபத்து வைங்க. தீபாவளி மலர்ல போட்டுடறேன்."

"ஏன் சார், உங்க ஊர்க் கதையில ஆபீசுக்குப் போனவுக எல்லாம் வீடு திரும்புறாகள்ல?"

"அது வேற" என்று போனை வைத்துவிட்டார்.

என் பெயரை அச்சில் பார்க்க எத்தனை வருட ஆசை! பேனாவை எடுத்தும் விட்டேன். ஆனால் கதையில் வரும் அந்தப் பெண் என் வீட்டுக்காரி.

பொழுது சாய, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?"

"உன்னைக் கொன்னாத்தான் கதையைப் போடுவாகளாம்."

"நாளைக்குக் கொல்லுங்க. இன்னிக்கு உலை வைக்கணும்."

முடிவை மாற்றவில்லை. கதை என்னிடமே கிடக்கட்டும்.

வீடு திரும்புவதெல்லாம் ஒரு முடிவா என்று கேட்பவர்கள், பஸ் வர நேரமாகிற ஒருநாள் எங்கள் தெருமுனையில் வந்து நில்லுங்கள். டீ என் செலவு.