சாப்பாட்டுப் பெட்டி கழுவ ஒரு நேரம்

கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் லைன் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு, காலையில் வாசலில் நின்று, தைக்க வரும் பெண்பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்ப்பதும் என் வேலையாக இருந்தது. லஞ்ச்சீற்று என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சோறு கட்டி வந்தவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். தொழிற்சாலையைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக மாற்றப்போகிறோம் என்று தலைமை அலுவலகம் அறிவித்த பிறகு வந்த முதல் ஏற்பாடு அதுதான். சுவர்களில் பச்சை மரம் வரைந்த படங்களும் ஒட்டினார்கள்.

அதனால் நடந்தது இதுதான்: பிள்ளைகள் சோற்றுப் பார்சலைத் துவாயில் சுற்றி ஒளித்துக்கொண்டு வந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் லஞ்ச்சீற்றை உள்ளே குப்பைத் தொட்டியில் போடப் பயந்து, கன்டீனுக்குப் பின்னால் வேலிக்கு மேலால் எறிந்தார்கள். வெட்டுத் துணிக் குப்பையும் அங்கேதான் கொட்டிக் கிடந்தது.

என் லைனில் ஓவர்லொக் மெஷினில் இருந்த ஒருத்தியின் வீடு அந்த வேலிக்கு அப்பால் உள்ள குடியிருப்பில். தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஒருமுறை அவள் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றாள். திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"மாடு செத்துருச்சு அக்கா. சினை மாடு. டாக்டர் வந்து வயித்த அறுத்துப் பாத்தாரு. லஞ்ச்சீற்றுத்தான், பந்து பந்தா கிடந்துச்சு. நாம தைக்கிற ஊதா இலாஸ்டிக்கும் அதுக்குள்ள இருந்துச்சு."

மெஷினில் நூலைக் கோத்துக்கொண்டே அவள் மெல்லச் சொன்னாள்: "நானும்தானே அக்கா எறிஞ்சேன்."

அந்த நாட்களில்தான் வவுனியாவிலிருந்து ஒருவர் எங்களுக்கு முகாமையாளராக வந்திருந்தார். மாட்டின் கதையை அவரிடம் போய்ச் சொன்னேன். வேலியடியில் ஒரு காவலாளியைப் போடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ வேலை நேரத்திலேயே எங்கள் லைனின் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நடுவில் இருந்தார்.

"நான் ஆரையும் பிடிக்க வரேல்லை. ஏன் பெட்டியில சோறு கொண்டு வாறேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

மாட்டைப் பறிகொடுத்தவள்தான் வாய் திறந்தாள். "கழுவ எங்க சேர் நேரம்? இத்தனை பேருக்கும் ரெண்டு பைப்பு. கழுவாத பெட்டி சாயந்தரம் வரைக்கும் பையில கிடந்தா மீன் குழம்பு நாறும். பஸ்சில பக்கத்தில ஒருத்தரும் உக்கார மாட்டாங்க."

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

மறுநாள் அவரும் பெட்டியில் சோறு கொண்டுவந்து கன்டீனில் எங்களோடு சாப்பிட்டார். பிறகு பைப்படியில் வரிசையில் நின்றார். "சேர், நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார்கள்; அவர் போகவில்லை. அவர் முறை வருமுன் மணி அடித்துவிட்டது. கறி காய்ந்த பெட்டியோடு தன் அறைக்குப் போனார்.

அடுத்த கிழமை வாசலில் பெயர் எழுதும் பலகையைக் கழற்றினார்கள். கன்டீனுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி கட்டி நீளத்துக்குப் பைப்புகள் பூட்டினார்கள். சாப்பாட்டு நேரம் பத்து நிமிடம் கூடியது. டார்கெட் குறையும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சத்தம் போட்டார்கள். நான் அவர் அறையில் நின்றிருந்தேன். "குறைஞ்சா என்னைக் கேளுங்கோ. பிள்ளையளைக் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பெட்டிகள் தாமாக வரத் தொடங்கின. உருத்திரபுரத்திலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே நிறத்தில் வாங்கி, எது எவருடையது என்று சண்டை பிடித்தார்கள். பிறகு ஒருநாள் லைன் பிள்ளைகளே என்னிடம் வந்து, துணிக் குப்பையை என்ன செய்வது என்று கேட்டார்கள். முகாமையாளர் ஒரு குழு அமைக்கச் சொன்னார். ஆட்களை நாங்களே தெரிவு செய்ய வேண்டும் என்றும், குழுவின் வேலை முழுவதும் வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்றும் சொன்னார். "பஸ் போன பிறகு சுற்றுச்சூழலைக் காப்பாத்தச் சொன்னா ஆர் நிப்பினம்?" என்றார். ஓவர்லொக் மெஷின்காரியைத்தான் எல்லோரும் தலைவியாக்கினார்கள். வேலியடிக் குப்பையை அள்ளித் துப்புரவாக்கும் வேலையை அவள் முதலில் எடுத்தாள். பெரிய துண்டுகளைப் பிரித்து, கால் துடைக்கும் விரிப்புத் தைக்கும் பெண்களுக்குக் கொடுத்தோம்.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய இடத்துக்கு வந்தவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கூட்டிய பத்து நிமிடத்தை நிறுத்தப் போவதாகக் கதை வந்தது. குழு அவரைச் சந்திக்கப் போனது. நானும் கூடப் போனேன். பேசியது எங்கள் தலைவிதான்.

"சேர், டார்கெட் குறையல. நீங்களே பாத்திருப்பீங்க. நேரத்த எடுத்தா நாங்க மறுபடி ஒளிச்சுத்தான் கொண்டு வருவோம். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

கடைசியில் அவர் அந்தப் பத்து நிமிடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டார். குழுவின் கூட்டம் வேலை நேரத்திலேயே நடக்கலாம் என்றும் ஒத்துக்கொண்டார். அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"பரவால்ல அக்கா," என்றாள். "இப்ப அவருக்கு நம்ம முகம் தெரியுமே. அடுத்த தரம் மிச்சத்தையும் கேப்போம்."

மணி அடித்தது. இருவரும் வேகமாக லைனுக்கு நடந்தோம்.