இரண்டாம் டிகாஷன்

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் என் கையில் கொடுத்த காப்பியை நான் டீ என்று நினைத்தேன். அதுவும் மோசமான டீ. சாம்பல் கலந்த வெள்ளை நிறம். குடித்து முடித்த பிறகு நாக்கில் சர்க்கரை மட்டும் நின்றது. புது வீடு, கேட்கக் கூச்சம். தூள் தீர்ந்துபோயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பிறந்தது அனுப்பம்பட்டுப் பக்கம். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். எங்கள் வீட்டில் காப்பி போடுவது நைனாதான், என் அப்பா. ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, குடை போன்ற தட்டால் பட்டும் படாமலும் அமுக்கி, கொதித்து அடங்கிய தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றி மூடுவார். பிறகு யாரும் அதைத் தட்டக் கூடாது, ஆட்டக் கூடாது. முதல் டிகாஷன் யாருக்கு என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை. யார் முதலில் பல் விளக்கிவிட்டு வருகிறார்களோ அவர்களுக்கு. பெரும்பாலும் அது நான்தான்.

ஏரியில் இறால் படாத மாதங்களில் கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்த கம்பெனிக்கு ஒப்பந்த ஆளாக வந்தவர் என் கணவர். இரண்டு வீட்டிலும் முகம் திருப்பினார்கள், பிறகு சம்மதித்தார்கள். அப்படித்தான் பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் மாமா, அத்தை, என் கணவர், நான். நாலே பேர்.

காப்பி ஏன் அப்படி இருக்கிறது என்பதை அடுப்படியில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அத்தை விடிவதற்கு முன்னால் எழுந்து தூள் போடுவார். இந்த ஏரிக்கரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு. அதில் போட்டால் பால் திரிந்துவிடும். அதனால் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றுவார். இறங்கிய கெட்டி டிகாஷன் மாமாவின் டம்ளருக்கு, என் கணவரின் டம்ளருக்கு, மீதி அவர்கள் படகில் எடுத்துப்போகிற ஃப்ளாஸ்குக்கு. அதோடு தீர்ந்தது. அப்புறம் அதே தூளின் மேல் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றுவார். அது எங்கள் இருவருக்கும். மீன் வாங்குகிற வியாபாரி யாராவது வந்துவிட்டால் அந்த இரண்டாவதும் அவருக்குப் போகும். எங்களுக்கு மூன்றாவது தண்ணீர்.

நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்து இறால் ஷெட்டில் உரிக்கிற வேலை. ஐஸ் தண்ணீரில் கை விறைத்துப் போகும். அத்தை கூடையோடு பஸ் ஏறிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய் மீன் விற்றுவிட்டு வருவார். ஆண்கள் ஏரியில் நனைந்தால் நாங்கள் ஐஸில் நனைந்தோம். டம்ளர் மட்டும் வேறு.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏன் அத்த, நமக்கு மட்டும் ரெண்டாவது?"

"ஏரிக்குப் போறவங்களுக்கு ஒடம்புல சூடு வேணாமா?"

"நமக்கு வேணாமா?"

"பொம்பளைங்க கெட்டியா குடிச்சா சூடு புடிச்சுக்கும்."

அன்று முழுக்க இறால் உரித்துக்கொண்டே இதையே நினைத்துக் கொதித்தேன். ஒரே காப்பி. அவர்கள் குடித்தால் உடம்புக்குச் சூடு கொடுக்கிற மருந்து. நாங்கள் குடித்தால் சூடு பிடிக்கிற நோய்!

கணவரிடம் சொன்னேன். "ஒரு காப்பிக்கா இவ்ளோ பேச்சு?" என்றார்.

"ஒரு காப்பிதானே? அப்ப நாளைக்கி நீ ரெண்டாவதைக் குடி."

சிரித்தார். மறுநாள் காலையில் முதல் டிகாஷனைத்தான் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தான் என்ன குடிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த முறை பொன்னேரிக்குப் போனபோது பாத்திரக் கடையில் சின்னதாக ஒரு எவர்சில்வர் ஃபில்டர் வாங்கி வந்தேன். வீட்டு டப்பாவிலிருந்தே தூள் எடுத்து, எனக்கு மட்டும் போட்டுக் குடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் குடித்த முதல் காப்பி அதுதான் என்று சொல்வேன்.

அடுப்பு மேடையில் இரண்டாவது ஃபில்டரைப் பார்த்ததும் மாமா கத்தினார். "ஒரு வூட்ல ரெண்டு ஃபில்டரா? நாளைக்கி ரெண்டு அடுப்பு, நாளான்னிக்கி ரெண்டு வாசலா?"

அத்தைக்கு வேறு விதமான கோபம். "நான் இன்னா உனக்குக் கழுநீரா குடுத்தேன்?" என்று கேட்டுவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவர் குடித்ததையேதான் எனக்கும் கொடுத்தார், அது உண்மை. 

ஊர் பேச ஆரம்பித்தது. ஷெட்டில் ஒருத்தி என்னிடமே கேட்டாள், "தனிக்குடித்தனம் பூட்டியாமே?" ஒரு சாண் உயர ஃபில்டரில் என்ன குடித்தனம் நடத்த முடியும்? கடைசியில் மாமா போன் போட்டு என் நைனாவை வரச் சொன்னார். ஆமாம், மருமகள் காப்பி குடிக்கிறாள் என்று சம்பந்திக்குப் புகார்.

நைனா வந்தார். கூடத்தில் பாயை விரித்து உட்கார வைத்தார்கள். அத்தை அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். கெட்டிக் காப்பி. நிறத்தைப் பார்த்தே தெரிந்தது. நைனா அதை ரசித்து ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உட்டுக் குடுத்துப் போம்மா. இதுக்கெல்லாமா கண்ணு பேஜார் பண்ணுவாங்க?"

மாமா கத்தியது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. என் கையில் முதல் டிகாஷனைக் கொடுத்து வளர்த்தவர், இங்கே அதே டிகாஷனைக் குடித்துக்கொண்டே, எனக்கு அது வேண்டாம் என்கிறார். "நைனா, நீ குடிக்கறது இன்னா? அதைக் கீழ வெச்சிட்டுச் சொல்லு," என்றேன்.  நைனா டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

ஃபில்டரை நான் எடுக்கவில்லை. எடுத்து எறிய யாருக்கும் துணிவும் வரவில்லை. அப்படியே வாரங்கள் போயின.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் காற்று ஏறி, ஆண்கள் படகை மேட்டுக்கு இழுக்கக் கரைக்குப் போயிருந்தார்கள். அத்தை மார்க்கெட்டிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். பற்கள் கிடுகிடுத்தன. துண்டைக் கொடுத்துவிட்டு, என் ஃபில்டரில் எனக்காக இறங்கியிருந்த டிகாஷனை அப்படியே எடுத்துப் பாலைக் காய்ச்சி ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். கோபத்தில் தொடமாட்டார் என்று நினைத்தேன். குளிர் ஜெயித்தது. எடுத்துக் குடித்தார்.

ஒரு மடக்கில் நிறுத்தினார். டம்ளருக்குள் பார்த்தார்.

"இது எந்தக் கடைத் தூளு?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. "நம்ம வூட்டுத் தூள்தான் அத்த," என்றேன்.

"பொய் சொல்லாத. நம்ம தூளு எனக்குத் தெரியாதா?"

டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினேன். அவர் டப்பாவை மோந்தார். டம்ளரை மோந்தார். மறுபடியும் டப்பாவை. அவர் பிறந்த வீட்டில் காப்பியே கிடையாதாம், காலையில் கஞ்சிதான். இங்கே மருமகளாக வந்த பிறகு, மாமியார் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தார். மாமியார் காட்டிய மாதிரியே ஊற்றினார். தினமும் தன் கையால் இறக்கிய கெட்டி டிகாஷனை அத்தை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. காப்பியின் ருசி என்றால் நாங்கள் குடிக்கிற அந்தச் சாம்பல் தண்ணீரின் ருசிதான், கெட்டியானால் சூடு மட்டும்தான் கூடும் என்று நம்பியிருந்தார்.

"அப்ப இத்தினி வருசமும் அவரு குடிச்சது இதுவா?" என்றார்.

அழுவார் என்று நினைத்தேன். முகம் கறுத்துச் சிவந்தது. டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, நங்கென்று தரையில் வைத்தார். எனக்கு இருந்தது ஒரு வருஷத்துக் கோபம். அவருடைய கோபத்தின் முன்னால் அது எந்த மூலைக்கு?

மறுநாள் காலையில் பெரிய ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷனை எங்கள் இருவருக்கும் கலந்தார். நின்றபடியே குடித்தோம். பிறகு தூளின் மேல் தண்ணீர் ஊற்றினார். அது கூடத்துக்குப் போனது.

மாமா துப்பினார். "இன்னா காப்பி இது? கலீஜா கீது!"

"நான் வந்த நாள்ல இருந்து குடிக்கறது அதான். இன்னிக்கி நீ குடி," என்றார் அத்தை.

அவர் தன் கணவரை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். மாமா எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார். என் கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அதைப் பார்த்தார். "நெஜமாவே உனக்கு இதையா குடுத்தாங்க?" என்றார். நான் வாய் ஓயாமல் சொன்னது அவர் நாக்கில் பட்ட பிறகுதான் காதில் ஏறியது. அதற்காக அவரை மெச்ச எனக்கு இன்றும் மனசு வரவில்லை.

மாமா பல நாள் டீக்கடையிலேயே குடித்தார். பொண்டாட்டி காப்பி தரமாட்டேன் என்கிறாள் என்று அங்கே புலம்ப, ஊரே அவருக்காக உச்சுக்கொட்டியது. வலை பின்னுகிற இடத்தில், கோயில் வாசலில், எங்கே பார்த்தாலும் "பாவம் மனுசன்." வருஷக்கணக்காக இரண்டாவதும் மூன்றாவதுமாகத் தண்ணீர் குடித்த அத்தையைப் பார்த்துப் பாவம் என்று ஒருவர் சொல்லவில்லை. ஒரு பெண்கூடச் சொல்லவில்லை. டீக்கடைச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் ஒரு காலையில் மாமா தானாகவே வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அத்தை முதலையும் இரண்டாவதையும் ஒன்றாகக் கலந்து, நாலு டம்ளரில் சமமாக ஊற்றினார். மாமா குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு. கூடத்து ஆண்களுக்கு முதலில் காப்பித் தட்டு போனது, பிறகு உள்ளே எங்களுக்கு வந்தது. அத்தை டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அதைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"கெட்டி டிகாஷன் இருந்தா குடு. இல்லாட்டி வெறும் பாலைக் குடு. நடுவுல இது இன்னாத்துக்கு?"

தட்டைப் பிடித்திருந்த பெண் விழித்தாள். சுற்றியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் தங்கள் டம்ளருக்குள் குனிந்து பார்த்தார்கள். வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அத்தை நடுத்தெருவில் நின்று என்னை முறைத்தார்.

"சிரிக்காதடி. இதுல சிரிக்கறதுக்கு இன்னா கீது?"