இளைஞர் சார்பில் நன்றியுரை

இளைஞர் கொள்கைக்கு எங்கள் கருத்தைக் கேட்கப் பாலக்காட்டில் அரசு கூட்டம் வைத்தது. எங்கள் ஊர் பெருமாட்டிக்கு ஐந்து மணிக்கு மேல் பஸ் இல்லாததால் என் தங்கச்சி கல்லூரியை விடுவதாக இருந்தாள். வீட்டில் முதலில் படித்தவன் என்ற தெம்பில் அதைச் சொல்லப் போனேன்.

மேடையில் நரைக்கு மை பூசிய தலைகள் பதினொன்று வாழ்த்துரை வழங்கின. ஆறு மணிக்கு அமைப்பாளர் என்னிடம் வந்தார்.

"தம்பி, யூத் சார்பா நன்றி நீங்க சொல்லீருங்க."

"பஸ்ஸப் பத்திப் பேசலாங்களா?"

"நன்றி மட்டும் போதுங்க."

எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "எந்தங்கச்சி படிப்ப நிறுத்தப்போற அஞ்சு மணிக் கடைசி பஸ்ஸுக்கும் நன்றிங்க" என்றேன். அதற்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் தங்கச்சி போனில் அழைத்தாள்.

"ஏண்ணா, பஸ்ஸு கேட்டியா?"

"கேட்டேன். பலமாக் கைதட்டுனாங்க."

"செரி, இப்ப நீ எதுல வருவே?"