மூணு கட்டை டார்ச்சுக்குள் ஒரு போர்டு

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அவர். யார் என்ன சொன்னாலும் "சரி சரி" என்று தலையாட்டிச் சமாளித்துவிடுவார். பாட்டு விஷயத்தில் மட்டும் அந்தச் சமாளிப்பு செல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் எங்கள் கோயில் கேரல் கூட்டத்தில் அடிக்குரல் அவருடையது. முந்தின வருஷம் எல்லோரும் நிறுத்திய பிறகும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியைத் தனியாகப் பாடிவிட்டார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இந்த வருசம் நான் வரல புள்ள" என்று ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். சோற்றை விட்டாலும் பாட்டை விடாத மனுஷன் அவர்.

காது மிஷின் வாங்கலாம் என்றால், "அதை மாட்டிக்கிட்டு ஆளுங்க முன்னால எப்பிடி நிக்கறது?" என்று ஒரே பிடிவாதம். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் ரேடியோ பாகங்களைப் பூட்டும் பட்டறையில் நாலு வருஷம் ஈயப் பற்றவைப்பு வேலை பார்த்தவள் நான். சும்மா இருப்பேனா? சத்தத்தைப் பெருக்குகிற சின்ன ஆம்ப்ளிபயர் போர்டு ஒன்றும் மைக்கும் வாங்கி, சோப்பு டப்பாவில் அடைத்து, அவர் சட்டைப் பையில் போட்டேன். இயர்போன் ஒயரைக் காதில் செருகியதும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

கேரலுக்கு முந்தின நாள் குளிர் இறங்கியது. சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டார். போச்சு! கம்பளி மைக்கில் உரசி, காதுக்குள் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை. இந்த மலையிலேயே பிறந்தவளுக்கு டிசம்பரில் ஸ்வெட்டர் போடுவோம் என்பது தோன்றவில்லையே! சட்டைக்கு அளவெடுத்த என் புத்தியை என்ன சொல்ல?

அப்போதுதான் ஆணியில் தொங்கிய டார்ச் கண்ணில் பட்டது. கேரலுக்குப் போகிற ஆண்கள் எல்லோர் கையிலும் டார்ச் இருக்கும். மூடுபனி இறங்கினால் சாயங்காலம் நாலு மணிக்கே தேவைப்படும். மூணு கட்டை டார்ச்சில் போர்டுக்கு இரண்டு கட்டை பேட்டரி போதும். மூன்றாவதின் இடத்தில் போர்டு, பல்பு இருந்த இடத்தில் மைக். ஒயர் ஸ்வெட்டர் கைக்குள் ஏறிக் குரங்குக் குல்லாவுக்குள் போய்விடும். எல்லாம் பொருந்தியது, போர்டுதான் ஒரு விரற்கடை அகலம் அதிகம்.

இருந்தது ஒரே போர்டு. கெட்டால் மலையிறங்கி வாங்கிவர நாள் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் செம்புக்கோடுகள் ஓடும் வழியைப் பார்த்தேன். ஒரு ஓரம் வெறும் தகடு, கவலையில்லை. மறு ஓரத்தில் எல்லாப் பாகங்களையும் சேர்க்கிற எர்த் கோடு. அதை வெட்டாமல் அளவு வராது. ஆகவே பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கோட்டின் வேலையைச் செய்ய உள்பக்கமாக ஓர் ஒயரைப் பற்றவைத்தேன். பொடி ஏறாமல் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, பென்சில் கோட்டின் மேல் ரம்பப் பிளேடால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கீறினேன். அவசரப்பட்டு ஒடித்தால் தகடு குறுக்கே விரிசல் விட்டுவிடும்.

"ஒடச்சுப் போடாத புள்ள" என்று அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க, அந்தாண்ட போங்க."

"என்ன?"

"போங்கன்னேன்!"

"டீயா? போடறேன்" என்று சந்தோஷமாக அடுப்பங்கரைக்குப் போனார். நல்லதாகப் போயிற்று.

ஓரங்கள் மெல்ல விட்டுவந்தன. உப்புத்தாள் தேய்த்து, செம்புத்தூள் ஒட்டியிருந்து கோட்டுக்குக் கோடு பாலம் போட்டுவிடாமல் பழைய பல் பிரஷ்ஷால் துடைத்தேன். டார்ச் தகரமாயிற்றே, போர்டு அதைத் தொட்டால் வம்பு. சைக்கிள் டியூப்பை நறுக்கிப் போர்டுக்கு உறை போட்டுவிட்டு உள்ளே தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது! அடுப்பங்கரைக்கு ஓடி அவரைக் கட்டிக்கொண்டேன், டீ சிந்தியதுதான் மிச்சம்.

மறுநாள் கேரல். பனிக்குள் வரிசையாக நடந்தோம். அவர் டார்ச்சை இறுகப் பிடித்தபடி வந்தார். நான்கு அடி பின்னாலிருந்து பாட்டு வாத்தியார் கேட்டார், "ஏனுங்க ரைட்டரே, டார்ச்சு எரியலீங்களே?"

"பல்பு போச்சுங்க வாத்தியாரே" என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முதல் வீட்டு வாசலில் எரியாத டார்ச்சைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிக்கொண்டு பாடினார். எல்லோரும் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார். ஆண்டவரே, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அடுத்த பாட்டில் டார்ச் மெதுவாக என் பக்கம் திரும்பியது. அவர் நெற்றி சுருங்கியது. பாட்டு முடிந்ததும் என் காதோரம் குனிந்தார்.

"ஏம்புள்ள, நீ எப்பவுமே இப்பிடித்தான் பாடுவியா?"

"எப்பிடி?"

"நொம்ப மோசமா இருக்குது. சுருதி எங்கியோ போவுது. என் சம்சாரம் மாதிரி பாட ஆளில்லேன்னு எஸ்டேட் பூரா சொல்லி வெச்சிருக்கறனே!"

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுசிலேயே அன்றைக்குத்தான். அடுத்த வீட்டு வாசலில் அவர் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டு, டார்ச்சுக்கு நேராக, தொண்டை கிழியப் பாடினேன்.